தாத்தா படத்தோடு அண்ணாமலைக்கு

போளூரைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டரிலிருந்து குபுகுபுவென்று ஆவி. டிரைவர் இறங்கி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மச்சானைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பினாங்கில் பஸ் நின்றால் கம்பெனிக்குப் போன் பண்ணுவார்கள். இங்கே கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்து, “ஆம்பளைங்கல்லாம் எறங்குங்க, கொஞ்சம் தள்ளணும்” என்றார். ஏன் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். டிக்கெட்டோடு சேர்ந்த வேலை போலிருக்கிறது.

எனக்கு மட்டும் ஒரு சங்கடம். என் மடியில் தாத்தா இருந்தார்.

மூன்றடி உயரம், இரண்டடி அகலம், தேக்குச் சட்டம், முன்னால் கண்ணாடி. அம்மாவின் பழைய போர்வையைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய தாத்தா படம். கப்பலில் வந்தபோது என் தலைமாட்டிலேயே பயணம் செய்தது. “கண்ணாடி ஒடஞ்சா கம்பெனி பொறுப்பில்ல, சொல்லிட்டேன்” என்று கண்டக்டர் ஏறும்போதே எச்சரித்திருந்தார். பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கை நீட்டினாள்.

“குடு தம்பி, நான் புடிச்சிக்கறேன். யாரு படம்?”

“எங்க தாத்தா. காலமாயிட்டார்.”

“அடப் பாவமே. பாக்கலாமா?”

போர்வையின் ஒரு பக்கத்தை விலக்கிக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இந்த மீசைக்குத் தனியா அரை டிக்கெட் கேட்டிருக்கணுமே கண்டக்டரு!” என்றாள். பின்சீட்டுக் கிழவர் ஒருவர் தலையை நீட்டி, “இந்தாள எங்கியோ பாத்திருக்கேனே. குதிர லாயத்துலயா?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோட்டுப் போட்ட எங்கள் தாத்தாவுக்கும் குதிரை லாயத்துக்கும் என்ன சம்பந்தம்? போர்வையை மூடிவிட்டு இறங்கினேன்.

தள்ளுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். என்னிடம் இருந்தது பெட்டிக் காமிரா. ஒரு சுருளில் எட்டே எட்டுப் படம். துறைமுகத்தில் ஒன்று, கப்பலில் இரண்டு போய்விட்டன. பஸ்ஸைத் தள்ளும் பத்தொன்பது முதுகுகள் நாலாவது.

நான் பிறந்தது பினாங்கில். வயது இருபத்திரண்டு. இந்தியாவுக்கு இதுதான் முதல் தடவை. அப்பா திருவண்ணாமலையை விட்டுக் கப்பலேறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தடவைகூடத் திரும்பிப் போக முடியவில்லை. முதலில் வேலை, பிறகு உலகச் சண்டை, பிறகு எங்கள் படிப்பு. “போன வருஷமே போயிருக்கணும்” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். தாத்தா காலமான தந்தி வந்த அன்று அவர் ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். தந்தியை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, சுவரில் இருந்த தாத்தா படத்தைக் கழற்றச் சொன்னார்.

“பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள இது அங்க இருக்கணும். எனக்குப் பதிலா இது போகட்டும்” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “படத்தைப் பிரிச்சதும் யார் யார் என்ன சொன்னாங்கன்னு ஒண்ணு விடாம எழுது” என்றார். அழுகை விவரம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படம் சண்டைக்கு முன்னால் தாத்தா அனுப்பியது. வந்தபோது உள்ளங்கை அளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன் சிநேகிதன் ஸ்டூடியோவில் நான்தான் பெரிதாக்கினேன். ஆர்வக்கோளாறில் சில திருத்தங்களும் செய்தேன். கையில் ஏதோ கோணல்மாணலான ஒன்று இருந்தது. அதை அழித்து, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி வரைந்தேன். கோட்டுக்கு நீல வர்ணம் கொடுத்தேன். அம்மா தினமும் சந்தனப் பொட்டு வைப்பாள். எழுபது வயதில் இவ்வளவு கறுப்பு மீசையா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். “எங்க ஊரு மல்லாட்டை தின்னா அப்படித்தான்” என்பார் அப்பா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. நான் அதை நம்பி இரண்டு வருஷம் கிலோக் கணக்கில் கடலை தின்றிருக்கிறேன். என் மீசை இன்னும் சரியாக வரவில்லை.

தாத்தாவை நான் அந்தப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இனி பார்ப்பதற்கும் அதுதான்.

மலை முதலில் வந்தது. ஊர் அதற்கப்புறம் மெதுவாக வந்தது. நாலு கோபுரத்தையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்து ஐந்தாவது படத்தை வீணடித்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், தூசிக்காகத் தலையோடு வாயையும் மூடித் துண்டைக் கட்டியிருந்த ஒரு ஜட்காக்காரர் என் பெட்டியைப் பிடுங்கினார்.

“பினாங்குத் தம்பிதானே?”

“எப்படித் தெரியும்?”

“இந்த வெயில்ல ஷூ போட்டுக்கினு நிக்கற பாரு. ஏறு ஏறு. மூணு நாளா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வந்து பாத்துக்கினு கெடக்கறேன். நான் முனுசாமி. உங்க தாத்தாவை முப்பத்தஞ்சு வருஷமா மண்டிக்கு இட்டுக்கினு போயி இட்டாந்தது நான்தான்.”

முன்னால் ஏறிக் குதிரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வழி நெடுக அவர் முதுகைத்தான் பார்த்தேன்.

ஜட்காவில் ஏறுவதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. நான் பின்பக்கம் உட்கார்ந்ததும் வண்டி வானத்தைப் பார்த்தது; குதிரையின் முன்கால்கள் தரையில் பட்டும் படாமலும் நின்றன. “முன்னால தள்ளு தம்பி, ராசாத்தி பறக்கறா!” என்று முனுசாமி கத்தினார். ராசாத்தி குதிரையின் பெயர். முழங்கால் இரண்டையும் காதுவரை மடக்கிக்கொண்டு, தாத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் முன்னால் தள்ளினேன்.

வண்டி ஐம்பது கெஜம் போய் ஒரு காபி கிளப் வாசலில் நின்றது. நான் கேட்கவில்லை, முனுசாமியும் நிறுத்தவில்லை. குதிரை தானாகவே நின்றது.

“பெரியவரு நிறுத்தற எடம். அவ நிப்பா. காபி வந்தாத்தான் நகருவா” என்றார் முனுசாமி. உள்ளேயிருந்து முதலாளியே தம்ளரோடு வந்தார்; வண்டிக்குள் தலையை விட்டார்; என்னைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது. பிறகு தம்ளரை என்னிடம் கொடுத்தார்.

“பழக்க தோஷம். குதிர நின்னா கை தானா டிகாஷனை ஊத்துது” என்றார். “பேரனா? சக்கரை கம்மியா, ஜாஸ்தியா? அவருக்கு ஜாஸ்தி. சக்கரை போடறப்ப ‘லாபம்’னு எண்ண ஆரம்பிப்பாரு, அஞ்சு ஸ்பூன் வந்தாத்தான் நிறுத்துவாரு.”

தாத்தா கடலை மண்டியில் நாற்பது வருஷம் அளவுக்காரராக இருந்தவர். மரக்காலால் அளக்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை. ‘லாபம்’ என்றுதான் தொடங்க வேண்டும், பிறகுதான் ரெண்டு, மூணு. தாத்தாவுக்கு அது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இட்லியையும் அப்படியே எண்ணுவாராம். வயது என்ன என்று யாராவது கேட்டால், “லாபம்… ரெண்டு… மூணு…” என்று நிதானமாகத் தொடங்குவாராம். இருபதுக்குள் கேட்டவர் எழுந்து போய்விடுவார். அதனால் அவர் வயது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தொண்ணூற்றிரண்டு என்றார் காபி கிளப் முதலாளி. எண்பத்தஞ்சு என்றார் முனுசாமி.

அடுத்து மண்டி வாசல். ராசாத்தி நின்றாள். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். “லாபத்தோட புள்ளையா?” என்று கேட்டார் ஒருவர். அப்பா தலைச்சன் பிள்ளை. மருத்துவச்சி வெளியே வந்து ஆண் குழந்தை என்றதும் தாத்தா, “லாபம்!” என்றாராம். பினாங்கில் ‘சார்’ என்று எல்லாரும் எழுந்து நிற்கிற எங்கள் அப்பாவுக்கு இந்த ஊரில் இன்றைக்கும் அதுதான் பெயர். என் சட்டைப்பை இரண்டிலும் கடலையைத் திணித்துவிட்டுத்தான் விட்டார்கள்.

தேரடியில் மறுபடி நின்றாள். பூக்காரம்மா ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: “யாரு முனுசாமி உள்ள?”

“பெரியவரு பேரன்.”

“உங்க தாத்தா முப்பது வருஷமா தெனம் இங்க நின்னு, ‘நாளைக்கு வாங்கிக்கறேம்மா’னுட்டுப் போவாரு” என்றாள் என்னிடம். “ஒரு நாளு வாங்கினதில்ல. கடேசில நானே கொண்டும்போயி மாலையாப் போட்டேன். ஏன்யா இன்னைக்கு வாங்கினேன்னு எழுந்து கேப்பாருனு பாத்தேன், கேக்கல.”

வண்டி நகர்ந்தது. முனுசாமி, “அது என்ன தம்பி போர்வைக்குள்ள, நெலக்கண்ணாடியா?” என்று கேட்டார்.

“தாத்தா படம்.”

“அவரு படமா? அவரு படமே எடுத்துக்கினது கெடயாதே.”

“எடுத்திருக்காரு. சண்டைக்கு முன்னால பினாங்குக்கு அனுப்பினாரு. கோட்டுப் போட்டுக்கிட்டு.”

முதுகு சட்டென்று நிமிர்ந்தது. பிறகு குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். குலுங்கிய குலுங்கலில் வண்டியே ஆடி, ராசாத்தி திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் சித்தப்பாவும் அத்தையும் இருந்தார்கள். அப்பாவின் தம்பி, தங்கை. அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “மூக்கு மட்டும் நைனா மூக்கு. பாக்கியெல்லாம் எவளோ பினாங்குக்காரி” என்று தீர்ப்புச் சொன்னாள். நைனா என்றால் அவர்களுக்கு அப்பா. பதின்மூன்று நாள் அழுத குரல் கம்மிப் போயிருந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, படத்தை நிறுத்தினேன். தெருவே வந்து நின்றது. போர்வையை ஒரே இழுப்பில் எடுத்தேன். அத்தை, “நைனா…!” என்று தொடங்கினாள். பாதியில் வாய் நின்றுவிட்டது. இன்னும் கிட்டப் போனாள்.

“யாருடா இது?”

வாசலில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற முனுசாமிதான் பதிலுக்குக் கேட்டார்.

“தம்பி, என் சாட்டையை என்ன பண்ணின?”

எல்லாரும் திரும்பினார்கள். படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். துண்டைக் கழற்றியிருந்தார். அதே நெற்றி, அதே முறுக்கு மீசை, நரை மட்டும் கூடுதல். முதலில் சிரித்தது சித்தப்பா. சாவு வீடு என்பது நினைவு வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அப்புறம் அத்தை. அப்புறம் தெரு. நான் மட்டும் கைத்தடி பிடித்த ஜட்காக்காரர் பக்கத்தில் மரம்போல நின்றுகொண்டிருந்தேன்.

“போட்டோ புடிச்சா ஆயுசு கம்மியாயிடும்னு அவருக்குப் பயம்” என்று முனுசாமி விளக்கம் சொன்னார். “பாம்புக்குப் பயப்பட மாட்டாரு, தாசில்தாருக்குப் பயப்பட மாட்டாரு, அந்தக் கறுப்புத் துணியைக் கண்டா ஓடிப்பூடுவாரு. பினாங்குலேர்ந்து கோட்டு வந்துது. போட்டுக்கினு ஒரு படம் அனுப்புனு கடுதாசியும் வந்துது. புள்ள கேட்டுட்டானே, என்ன பண்றதுனு ரெண்டு நாளு முழிச்சாரு. மூணாம் நாளு கோட்டை என் மேல மாட்டி ஸ்டூடியோவுக்கு இட்டுக்கினு போனாரு. எனக்கு மட்டும் ஆயுசு கம்மியாவாதா சாமினு கேட்டேன். ‘உனக்குத்தான் ஜாஸ்தியா கெடக்குதே, கொஞ்சம் போனா போவட்டும்’னாரு.”

“உங்கப்பனுக்குக் கண்ணு தெரியாதாடா?” என்றாள் அத்தை.

“சின்ன வயசுல போனவர்தானே, அத்தை. முகம் மறந்திருக்கும்” என்றேன். ஆனால் நான் உள்ளுக்குள் இடிந்துபோயிருந்தேன். இருபது வருஷமாக நாங்கள் கும்பிட்டது ஒரு ஜட்காக்காரரை. அப்பாவுக்குப் பதிலாக வந்த படம் தாத்தாவே இல்லை. பதினாறாம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் நடுவில். அதற்குள் உண்மையான தாத்தாவை எங்கிருந்தாவது கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவுக்கு என்ன எழுதுவது?

மறுநாள் காலை சண்டையோடு விடிந்தது. முனுசாமியின் மனைவி கன்னியம்மா வாசலில் நின்றாள்.

“உசுரோட இருக்கற மனுசன் படத்தாண்ட வெளக்கு ஏத்தி வச்சிருக்கீங்களாமே? அவரு மூணு வேளை துன்னுட்டு நல்லாத்தான இருக்கறாரு!”

“ராத்திரியே தள்ளி வச்சிட்டேன்டி” என்றாள் அத்தை.

“மாலை போட்டீங்களா?”

“எங்க வீட்ல தினம் சந்தனப் பொட்டு…” என்று நான் உண்மையைச் சொல்லப் போய், அத்தை காலை மிதித்ததால் நிறுத்தினேன். கன்னியம்மா உள்ளே வந்து படத்தைப் பார்த்தாள். கோபம் மெல்ல இறங்கியது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். “நீலக் கோட்டு நல்லாத்தான் எடுக்குது இந்த ஆளுக்கு” என்றாள். பிறகு படத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். தெருமுனை வரை என் தாத்தா அவள் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

மத்தியானம் அத்தை கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டாள். நான் மென்றேன். மெல்ல மெல்ல அது வளர்ந்தது. “களிய மெல்லக் கூடாதுடா, முழுங்கணும். பினாங்குல என்னதான் சொல்லித்தராங்க?” என்றாள். பினாங்கு மலைமேல் ரயில் போகிறது, இங்கே ஏன் விடவில்லை என்று பேச்சை மாற்றினேன். “மலையேதான்டா சாமி. சாமி தலைமேல ரயில் வுடுவாங்களா?” என்றாள்.

சித்தப்பா மண்டிக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரில் ஒரு குரூப் போட்டோ இருந்தது. இருபத்திரண்டு பேர், மூன்று வரிசை. ஓடிப் போய் ஏறி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

“இதுல நைனா இல்ல” என்றார் சித்தப்பா. “எல்லாரையும் வரிசையா நிக்க வச்சது அவருதான். படம் புடிக்கற நேரத்துல காமிராவாண்ட போயி நின்னுக்கினாரு.”

அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. வரி கட்டப் போகிறவர்கள் மாதிரிதான் நிற்பார்கள். இந்தப் படத்தில் இருபத்திரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். ஒருவர்கூடக் காமிராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று இடது பக்கம் எதையோ பார்க்கிறார்கள். என்ன செய்திருப்பார் அங்கே நின்றுகொண்டு? சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை ஆறாவது படமாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், முனுசாமிக்குத் திடீரென்று ஒன்று நினைவு வந்தது. அடி அண்ணாமலையில் ஒரு சோடாக்கடை. தாத்தா பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். அங்கே உட்காராமல் வரமாட்டார். ஒரு தடவை யாரோ ஒரு வெள்ளைக்காரர் மலை சுற்றும் கூட்டத்தைப் படம் பிடித்து, கடைக்காரருக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தாராம். ஜட்காவைப் பூட்டச் சொன்னேன்.

கிரிவலப் பாதையில் ஏறியதும் முனுசாமி வண்டியை நிறுத்தினார். “ஷூவைக் கழட்டு. மலை சுத்தற எடம்.”

“ராசாத்தி காலில் மட்டும் லாடம் இருக்கே?”

“அது வேலை மேல வருது. நீ வேண்டுதல் மேல வர.”

கழற்றிவிட்டேன். வண்டிக்குள் உட்காருவதற்கு எதற்கு வெறுங்கால் என்று நினைத்தேன். பாதி வழியில் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டி வந்தபோது தெரிந்தது. தார் இல்லாத சாலையில் கல் இருக்கிறது. கல்லுக்கு வெயில் ஏறுகிறது. நான் குதித்த குதியைப் பார்த்து ஒரு மாட்டுவண்டிக்காரர், “பக்தி ஜாஸ்தி” என்றார்.

சோடாக்கடைக்காரர் ஒல்லியான மனிதர். படம் இருந்தது, பாட்டில்களுக்குப் பின்னால், தூசியில். கூட்டம் மலை சுற்றிப் போகிறது. எல்லா முகமும் தெளிவு. நடுவில் ஒரே ஒரு குடை விரிந்திருக்கிறது. மழை இல்லை, வெயிலும் சாய்ந்துவிட்டது. குடை வயிறு வரை மறைத்திருக்க, கீழே மடித்துக் கட்டிய வேட்டியும் இரண்டு காலும்.

“அவருதான்” என்றார் கடைக்காரர். “வெள்ளைக்காரன் பொட்டியை எடுத்தான், இவரு கொடையை விரிச்சாரு. அதுக்குள்ளயே மொகத்தை வச்சிக்கினு ‘பொட்டி பூடுச்சா, பூடுச்சா’னு கேட்டுக்கினே நின்னாரு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கால்விரல் நகம்வரை தெரிகிறது. முகம் மட்டும் இல்லை. ஆத்திரத்தில் ஏழாவது படம் ராசாத்தியை எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்காரர் அந்தப் படத்தைச் சட்டத்தோடு கழற்றி என் கையில் வைத்து, சோடாவும் உடைத்துக் கொடுத்தார்.

வீட்டில் மனமில்லாமல்தான் அத்தையிடம் நீட்டினேன். “இதுதான் கிடைச்சது. முகமே தெரியல.”

அத்தை படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். வெகுநேரம் பார்த்தாள். “எடது கட்டைவெரலு பாரு, தனியா நிக்குது. மரக்கால் வுழுந்து ஒடஞ்சது. நைனா காலேதான்” என்றாள். விரலால் கண்ணாடிமேல் அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஆனா, அத்தை, முகம்…”

“கும்புடறதுக்குக் காலு இருந்தா போறும்டா.”

பதினாறாம் நாள் அந்தக் குடையும் காலும்தான் முக்காலியில் இருந்தன. எதிரில் தாத்தாவின் மரக்கால் நிறைய மல்லாட்டை. குளத்தங்கரைக் காரியம் முடிந்து வந்தவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். எழுந்து போகும்போது ஆளுக்கு ஒரு கை கடலை அள்ளிக்கொண்டார்கள். அவர் இருந்தபோதும் அப்படித்தானாம். தன் ஆயுசுக்கு வந்த ஆபத்து நீங்கிய சந்தோஷத்தில் முனுசாமி இரண்டு கை அள்ளினார்.

சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா தாத்தாவின் மரப்பெட்டியைத் திறந்தார். மேலே அந்தக் கோட்டு, மடிப்புக் கலையாமல். அதன் உள்பையில் ஒரு கடிதம். அப்பாவின் கையெழுத்து. “நீதான் படிச்சவனாச்சே, படி” என்று சித்தப்பா என்னிடம் கொடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன்.

‘நைனாவுக்கு அநேக நமஸ்காரம். போட்டோ வந்து சேர்ந்தது. முனுசாமியண்ணன் சௌக்கியமாக இருப்பது கண்டு சந்தோஷம். கோட்டு அவருக்குத் தோளில் கொஞ்சம் பிடிக்கிறாற் போலிருக்கிறது. இங்கே என் சம்சாரம் தினமும் பொட்டு வைத்துக் கும்பிடுகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். நான் ஊருக்கு வருகிற அன்றைக்கு இதே படத்தைக் கொண்டுவந்து, வீட்டில் எல்லாரும் பார்க்கச் சுவரில் மாட்டி, இது யார் என்று உங்களைக் கேட்பேன். நீங்கள் சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது என்று பந்தயம் கட்டுகிறேன்.’

சித்தப்பா சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். அது சிரிப்பா என்று பிறகு சொல்ல முடியவில்லை. “ரெண்டு பேரும் இருவது வருஷம் வாயத் தொறக்கல பாரு, கள்ளனுங்க!” என்றாள் அத்தை.

“அண்ணன்னா எழுதியிருக்கு?” என்றார் முனுசாமி. “அந்த எடத்தை மட்டும் இன்னொரு தரம் படி தம்பி.”

படித்தேன். அன்று சாயங்காலமே அப்பாவுக்கு எழுதினேன். ‘படத்தைப் பிரித்ததும் முதலில் பேசியது அத்தை: யாருடா இது. இரண்டாவது பேசியது படத்தில் இருப்பவர்: என் சாட்டையை என்ன பண்ணினாய். முதலில் சிரித்தது சித்தப்பா. அத்தை பதின்மூன்று நாளுக்கு அப்புறம் சிரித்தாள். ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். பந்தயத்தில் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள்.’

கிளம்புகிற அன்று குடைப் படத்தை அத்தை என் பெட்டியில் வைத்தாள். “உங்களுக்கு வேண்டாமா?” என்றேன். “நாங்க நேர்ல பாத்தாச்சு. உங்கப்பன்தான் பாக்கல. கொண்டும் போயி குடு” என்றாள். கன்னியம்மா வீட்டுக்குப் போய், சுவரில் இருந்த நீலக்கோட்டுக்காரரின் கைத்தடியைச் சுரண்டி, மறுபடி சாட்டையாக்கிக் கொடுத்தேன். முன்னைவிட நன்றாக வந்தது.

பஸ்ஸுக்கு அரைமணிதான் இருந்தது. ராசாத்திக்கு அது தெரியாது. தேரடியில் நின்றாள். பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“நாளைக்கு வாங்கிக்கறேம்மா” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த பூவெல்லாம் சிதறியது. மண்டியில் நின்றோம். காபி கிளப்பில் நின்றோம். ஐந்து ஸ்பூன் சர்க்கரை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது டிரைவர் ஆரனை அழுத்திக்கொண்டிருந்தார். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு முனுசாமி என் கழுத்தில் தொங்கிய காமிராவைப் பார்த்தார்.

“இன்னும் எத்தினி பாக்கி?”

“ஒண்ணு.”

தலையிலிருந்து துண்டை அவிழ்த்து உதறினார். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கினார். சாட்டையை எடுத்துக்கொண்டு ராசாத்தி பக்கத்தில் போய் நின்றார்.

“இந்த வாட்டி என் பேர்லயே எடு தம்பி.”

“ஆயுசு கம்மியாயிடுமே?”

“போனா போவட்டும்” என்றார். “ஜாஸ்தியாத்தான் கெடக்குது.”